வண்டல் தீவா, துருத்தியா?

கனடாவின் மாண்ட்ரியல் ஆறுகள் சூழ்ந்த நிலத்தில் இருக்கும் நகரம். அதை ‘வண்டல் தீவு நகரம்’ என்று எழுதும் வழக்கம் போட்டித்தேர்வுக் குறிப்புகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலூர், காட்பாடி ஜெராக்ஸ் கடைகளில் விற்கும் கட்டுகளிலும் இதேதான். பாலாற்றையே பார்த்து வளர்ந்த பையன் ஆற்று நடுவில் இருப்பதெல்லாம் மண்தான் என்று நினைக்கலாம். மொழிபெயர்ப்பவர் நினைக்கலாமா?

‘தீவு’ வடமொழி ‘த்வீப’த்தோடு உறவுள்ள சொல், கேட்டதும் கடல்தான் நினைவுக்கு வரும். ஆறு சூழ்ந்த நிலத்துக்கு நம்மிடம் அரங்கம், ஆற்றிடைக்குறை, துருத்தி என மூன்று சொற்கள் உண்டு. அரங்கம் மேடைக்கும் மண்டபத்துக்கும் போய்விட்டது. ஆற்றிடைக்குறையில் ‘குறை’ என்பது துண்டு. பொருள் கச்சிதம்தான், ஆனால் ‘ஆற்றிடைக்குறை நகரம்’ என்றால் ஊருக்கு என்ன குறை என்று கேட்பார்கள். மிஞ்சுவது துருத்தி. திருவரங்கத்தைச் சிலப்பதிகாரம் ‘விரிதிரைக் காவிரி வியன்பெருந் துருத்தி’ என்கிறது. பெரிய நிலப்பரப்புக்கும் இந்தச் சொல் தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். திருப்பூந்துருத்தி இன்றும் ஊர்ப்பெயராக இருக்கிறது. கொல்லன் உலையில் ஊதுவதும் துருத்திதானே என்பார்கள். ‘ஆறு’ எண்ணும்தான், நதியும்தான். அதில் யாரும் தடுக்கி விழவில்லையே.

‘வண்டல் தீவு’ மேல் எனக்குள்ள கோபத்துக்குக் காரணம் தூய்மை அல்ல, பொய். இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டிய பெயர், உண்டான விதத்தைச் சொல்கிறது. அதையும் தவறாகச் சொல்கிறது. அசாமில் பிரம்மபுத்திரா நடுவில் உள்ள மஜூலிக்கு அது பொருந்தும்: ஆறு கொண்டுவந்த மண், ஆறே அரித்துக்கொண்டும் போகிறது. மாண்ட்ரியல் துருத்தி சுமார் 50 கி.மீ. நீளம், அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. பழைய கட்டடங்களின் சாம்பல் நிறக் கல் அங்கேயே வெட்டியது. செயிண்ட் லாரன்ஸ் ஆறு தெற்கே ஓடுகிறது. வடக்கே பிரேரீஸ் ஆறு, அதற்கு அப்பால் லாவல் நகரம் உள்ள இன்னொரு துருத்தி. துருத்தியின் லஷீன் பகுதியை ஒட்டி ஆறு பாறைமேல் குதித்து ஓடுவதால் கப்பல் மேலே ஏற முடியவில்லை; அதற்காகத்தான் 1825-ல் கால்வாய் திறந்தார்கள். வெறும் வண்டலில் இப்படிப்பட்ட பாறை விரைவோட்டம் எங்கிருந்து வரும்?

மேலே களிமண் உண்டே என்றால், உண்டு. பனிப்பாறையின் பாரத்தால் நிலம் அமிழ்ந்திருந்தது. பனி விலகியபோது அட்லாண்டிக் உள்ளே புகுந்து ஷாம்ப்ளேன் கடலாகி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வடிந்தது. அந்தக் களிமண்ணில் பெரும்பகுதி அந்தக் கடல் விட்டுப்போனது. நகரத்தின் படிப்படியான மேட்டுத் தளங்களும் கடலும் ஆறும் இறங்கிய தடங்கள்.

ஒரு தப்பு இன்னொன்றை இழுத்து வருகிறது. வண்டல் என்று தொடங்கிவிட்டு நடுவில் 233 மீட்டர் உயர மவுண்ட் ராயல் குன்றை எப்படி விளக்குவது? உடனே ‘அணைந்த எரிமலை’. அது எரிமலையின் கூம்பு அல்ல. ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக் குழம்பு பூமிக்குள்ளேயே இறுகியது. சுற்றியிருந்த மெல்லிய பாறை தேய்ந்துபோக, கெட்டியானது நிற்கிறது. ஏலகிரியும் ஆழத்தில் இறுகிய சையனைட் (syenite) என்னும் பாறைவகைதான். ஏலகிரியை யாரும் எரிமலை என்பதில்லை, வயதில் அது இன்னும் மிகப் பழையது.

பாலாற்று மணலுக்கு நடுவே சீமைக்கருவேல் முளைத்துத் தெரிவதைத் திட்டு என்றே சொல்லலாம், அதைத் துருத்தி ஆக்க வேண்டாம். வெள்ளம் வந்தால் இடம் மாறுகிறதா, கரைகிறதா என்று பாருங்கள், மாறினால் திட்டு. இருபுறமும் ஆற்றின் கிளை ஓடி, நிலமும் ஊரும் நிலைத்திருந்தால் துருத்தி. சித்தூர்ப் பக்கம் தெலுங்கு பழகியவர்களுக்குக் கோதாவரியின் ‘லங்க’ ஊர்கள் தெரியும்; ஆறு சூழ்ந்த நிலத்துக்குத் தெலுங்கில் அதுதான் சொல். அவர்கள் தங்கள் சொல்லைக் கூசாமல் புழங்குகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டு சொல்லை ஒட்டவைத்துப் புதுச்சொல் என்கிறார்கள்.

முதலில் வரும் இடத்தில் ‘ஆற்றுத் துருத்தி’ என்று எழுதுங்கள், பிறகு துருத்தி போதும். ஆனால் ‘மாண்ட்ரியல் துருத்தி’யும் மாண்ட்ரியல் நகரமும் ஒன்றல்ல, வெஸ்ட்மவுண்ட் போன்ற தனி நகராட்சிகளும் அதே துருத்தியில்தான் இருக்கின்றன.