45 வயதில் ஓய்வு: டிவிடெண்டா, இண்டெக்ஸா?

சீக்கிரம் வேலையை விட நினைப்பவர்கள் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு காரியம் செய்வார்கள். இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி போன்ற சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) இருப்பதையெல்லாம் விற்று, லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பணமாகத் தரும் டிவிடெண்ட் பங்குகளுக்கு மாறிவிடுவார்கள். 'முதலைத் தொடாமல் வட்டியில் சாப்பிடலாம்' என்ற பழைய நினைப்பு. ஆனால் டிவிடெண்ட், வட்டி மாதிரி முதலுக்கு மேல் கூடுதலாக வருவதில்லை. 10 ரூபாய் டிவிடெண்ட் என்றால் எக்ஸ்-டேட் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) அன்று பங்கு விலையில் ஏறக்குறைய அந்த 10 ரூபாய் குறையும். மியூச்சுவல் ஃபண்டுகளிலும் இதே குழப்பம் இருந்தது. அதனால்தான் 2021 ஏப்ரலில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 'டிவிடெண்ட் ஆப்ஷன்' என்ற பெயரை ஐடிசிடபிள்யூ (இன்கம் டிஸ்ட்ரிபியூஷன் கம் கேபிடல் வித்ட்ராயல்) என்று மாற்றியது. மூலதனத்திலிருந்தும் எடுத்துத் தருகிறார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மாறுவதற்கே ஒரு விலை உண்டு. கையில் 2.5 கோடி, அதில் லாபம் 1.5 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் விற்றால் வரிவிலக்குள்ள 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5% வரி: சுமார் 18.6 லட்சம். வரி மேல் வரும் செஸ், சர்சார்ஜ் தனி. ஆண்டுச் செலவு 8 லட்சம் என்றால் இரண்டு வருடச் சாப்பாடு முதல் நாளே போயிற்று.

அடுத்தது, எதை வாங்குவது? நிஃப்டி 50-இன் டிவிடெண்ட் ஈவு அண்மை ஆண்டுகளில் 1.2 - 1.4% அளவில்தான். 2.5 கோடியில் 8 லட்சம் வேண்டுமென்றால் 3.2% தேவை. நிலக்கரி, எண்ணெய், மின்சாரம், உலோகம் என்று சில துறைகளில் போய்க் குவிய வேண்டியிருக்கும். அங்கே டிவிடெண்ட் நிலையாக நிற்காது. வேதாந்தா 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் தந்தது, அடுத்த ஆண்டு 29.50. 2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, 2019-20 நிதியாண்டின் லாபத்திலிருந்து மேற்கொண்டு டிவிடெண்ட் தரக்கூடாது என்று வங்கிகளுக்கே தடை போட்டது. சந்தை விழுந்த அதே மாதங்களில் வருமானமும் நின்றது.

வரியில் இரண்டு பக்கமும் உண்டு. டிவிடெண்ட் உங்கள் ஸ்லாப்படி (வருமான அடுக்குப்படி) வரிக்கு வரும். சம்பளம் வாங்கும்போது 30% ஸ்லாபில் இருந்தால் செஸ்ஸோடு 31.2% போகும். வேலையை விட்டபின், 2025-26க்கான புதிய வரி முறையில், வேறு வருமானம் இல்லாமல் டிவிடெண்ட் மட்டும் 12 லட்சம் வரை இருந்தால் ரிபேட்டால் (வரித் தள்ளுபடியால்) வரி பூஜ்யம். இதை டிவிடெண்ட் ஆதரவாளர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் எஃப்டி வட்டியே 6 லட்சம் வருகிறது என்றால், 8 லட்சம் டிவிடெண்ட் சேர்ந்து 14 லட்சமாகி வரி 93,600 ரூபாய். அதே 8 லட்சத்துக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் யூனிட் விற்றால், அதில் பாதி லாபம் என்றாலும், வரி 35,750 மட்டும். யூனிட்டை விற்கும்போது லாபப் பகுதிக்குத்தானே வரி.

இண்டெக்ஸின் உண்மையான ஆபத்து வேறு. 2020 ஜனவரி - மார்ச்சில் நிஃப்டி சுமார் 38% விழுந்தது. 2008இல் சுமார் 60%. அந்த நேரத்தில் மாதாமாதம் யூனிட் விற்றால் நிதி மீள்வது கடினம். இதற்கு மருந்து டிவிடெண்ட் அல்ல, கையிருப்பு. வேலையை விடுவதற்கு முன்பே மூன்று வருடச் செலவை, இங்கே 24 லட்சத்தை, எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ (சீக்கிரம் பணமாக்கக்கூடிய குறுகிய காலக் கடன் ஃபண்ட்) ஒதுக்கிவிடுங்கள். குறியீடு உச்சத்திலிருந்து 20%க்கு மேல் இறங்கியிருந்தால் யூனிட்டைத் தொடாமல் இதிலிருந்து சாப்பிடுங்கள், ஏறியபின் நிரப்புங்கள். எஸ்.டபிள்யூ.பி. (மாதாமாதம் தானாக யூனிட் விற்றுப் பணம் தரும் ஏற்பாடு) போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சந்தை விழுந்தாலும் அது பாட்டுக்கு விற்றுக்கொண்டே இருக்கும், நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

கையிருப்புக்கான யூனிட்டுகளை ஒரே நாளில் விற்கவும் வேண்டாம். மார்ச் கடைசியில் கொஞ்சம், ஏப்ரல் தொடக்கத்தில் கொஞ்சம் விற்றால் 1.25 லட்சம் விலக்கு இரண்டு முறை கிடைக்கும். 12 மாதம் ஆகாத யூனிட்டானால் 20% வரி, எஸ்.ஐ.பி.யின் (மாதத் தவணை முதலீடு) கடைசித் தவணைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.