நோய்க்காவி

நோய்க்கிருமியை ஓர் உயிரிலிருந்து எடுத்து இன்னோர் உயிரில் சேர்க்கும் உயிரி. கொழும்பில் டெங்கு அறிவித்தல்களைப் பார்த்தவர்களுக்குப் பழகிய சொல்தான். ஆங்கிலத்து ‘வெக்டர்’, சுமத்தலைக் குறிக்கும் ‘வெஹெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்முடையது காவு (சும) + இ. சங்கப் பாடலிலேயே ‘காவினெம்’ உண்டு. ‘மூட்டையைக் காவிக்கொண்டு வா’ என்று இன்றும் சொல்கிறோம். தனியே ‘காவி’ என்றால் துணியின் நிறமும் நினைவுக்கு வருமென்பதால் ‘நோய்க்காவி’ என்று எழுதுவதே நல்லது. தமிழகத்தில் ‘கடத்தி’ என்பார்கள். அது மின்சாரத்துக்கும் பொது. எங்கள் தெரிவு காவிதான்.

குளிர்காலக் கோதுமையைத் தாக்கும் பார்லி மஞ்சள் குட்டை வைரசைப் பார்த்தால் சொல்லின் பொருத்தம் விளங்கும். இதன் காவி அழுக்கணவன், தமிழகத்தார் சொல்லும் அசுவினி. டெங்கு வைரசு நுளம்பின் உடலில் பெருகும். இது அழுக்கணவனில் பெருகாது, சுமக்கப்படுவதோடு சரி. பயிரின் உணவைக் கடத்தும் உரியக் குழாயில் மணிக்கணக்காக உறிஞ்சும்போது உள்ளே போய், குடற்சுவரைக் கடந்து, உடற்திரவம் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்த பயிரில் இறங்குகிறது. தோல் கழற்றினாலும் சுமை போகாது. அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். ஆனால் குட்டிக்குத் தாயிடமிருந்து வராது. தாய் தொற்றவைத்த அதே பயிரை உறிஞ்சித்தான் குட்டியும் காவியாகிறது.

ஆகவே இலையுதிர்காலத்தில் பறந்து வரும் சிறகுள்ளவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொற்றவைக்கும். வயலில் மஞ்சள் திட்டுகளை உண்டாக்குபவை அவற்றின் சிறகற்ற சந்ததிகள். பிரித்தானியாவில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 3 பாகை செல்சியசைக் கழித்து மீதியைக் கூட்டிவருவார்கள். பயிர் முளைத்ததிலிருந்து, அல்லது கடைசியாக மருந்தடித்ததிலிருந்து, கூட்டல் 170ஐ எட்டினால் பரவல் தொடங்கும் வேளை. சராசரி 11 பாகையென்றால் ஏறக்குறைய 21 நாள். அப்போது இலையின் அடியைப் புரட்டி அழுக்கணவனைத் தேட வேண்டும். இல்லாத வயலுக்கு மருந்து வேண்டாம், அது இரைகௌவும் வண்டுகளைத்தான் கொல்லும். தானிய அழுக்கணவன்களில் சில, பைரித்திரொயிட் வகைப் பூச்சிமருந்துகளைத் தாங்குவதாக அங்கே 2011இலேயே கண்டறிந்தார்கள். பிந்தி விதைப்பதும், விதைப்புக்குப் பல நாள் முன்பே சிந்திய மணியிலிருந்து தானாக முளைத்த தான்தோன்றிக் கோதுமையையும் புல்லையும் அழிப்பதும் இன்னும் உறுதியான வழிகள். காவி செத்தாலும் தொற்றிய பயிர் குணமாகாது.