சாணிக் கரைசலும் எண்ணெய்க் கிணறும்

திருவாரூர் பக்கம் இரவு பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இருட்டிக் கிடக்கும் வயல்களுக்கு நடுவே, உச்சி வரைக்கும் விளக்கு எரியும் ஓர் இரும்புக் கோபுரம், ஓயாத டீசல் இன்ஜின் சத்தம். 1964-இல் காரைக்காலில் காவிரிப் படுகையின் முதல் கிணறு தோண்டப்பட்டதிலிருந்து நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று ஊர் ஊராக இந்தக் கோபுரங்கள் வந்து போயிருக்கின்றன. அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் "பெரிய போர்வெல், வேறென்ன" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போர்வெல் என்றால் நமக்கு ஞாபகம் வருவது திருச்செங்கோட்டு வண்டி. கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்ப, அடியில் இருக்கும் சுத்தியல் பாறையை இடித்து நொறுக்கும், அதே காற்று தூளை மேலே கொண்டுவந்து கொட்டும், சுற்றி நிற்பவர்கள் தலையெல்லாம் வெள்ளையாகிவிடும். கொங்கு நாட்டுப் பாறையில் இது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் பாறையில் போட்ட ஓட்டை தானாகவே நிற்கும். டெல்டா மண் அப்படி இல்லை. மணலும் களியும் மாறி மாறிக் கிடக்கிற அந்த மண்ணில் ஓட்டை போட்ட கையோடு அது சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் அங்கே கைபோர் போடுகிறவர்கள் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, சாணியையும் களிமண்ணையும் கரைத்து ஓட்டைக்குள் விடுவார்கள். கரைசல் சுவரில் மெழுகினாற்போல் ஒட்டிக்கொண்டு மண்ணைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், வாசலுக்குச் சாணி மெழுகுவது மாதிரிதான்.

எண்ணெய்க் கிணறு இந்தக் கைபோருக்குத்தான் சொந்தக்காரன். அங்கேயும் ஓட்டைக்குள் இதே மாதிரி ஒரு கரைசல்தான், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை 'மட்' என்பார்கள், அதாவது சேறு. ஒரு ரிக்கில், அதாவது கோபுரமும் இன்ஜின்களும் சேர்ந்த அந்தத் தோண்டும் அமைப்பில், சேற்றுக்கென்றே தனியாக ஒரு இன்ஜினியர் இருப்பார். வைர முனை, ராட்சதக் கோபுரம் என்றெல்லாம் படங்களில் காட்டுகிறார்கள், ஆனால் கிணற்றை நடத்துவது இந்தச் சேறுதான் என்பது என் கட்சி.

முதலில் இரும்புச் சமாச்சாரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் வேலை பளுதூக்குவது. சுமார் ஒன்பதரை மீட்டர் நீளமுள்ள குழாய்களை மரையால் ஒன்றோடொன்று முடுக்கி, நுனியில் பாறையைக் குடையும் பிட்டை மாட்டி, மேலிருந்து மோட்டாரால் சுற்றுகிறார்கள். பிட் இரண்டு மாதிரி. பல் வைத்த மூன்று உருளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாறையைக் கடித்து நொறுக்குவது ஒன்று, இது 1930-களிலேயே வந்துவிட்டது. செயற்கை வைரச் சில்லுகள் பதித்து, தேங்காய் துருவுகிற மாதிரி பாறையைச் செதுக்குவது இன்னொன்று. பிட் தேய்ந்துவிட்டால் மூன்று கிலோமீட்டர் குழாயையும் மும்மூன்றாகக் கழற்றி, கோபுரத்தில் சாத்தி நிற்க வைத்து, புது பிட்டை மாட்டி, மறுபடி எல்லாவற்றையும் முடுக்கி இறக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும். கோபுரம் அவ்வளவு உயரமாக இருப்பது இந்த மூன்று குழாய் நீளத்துக்காகத்தான்.

சரி, சேற்றுக்கு வருவோம். குழாய் உள்ளே வெற்றாக இருக்கும். பெரிய பம்ப் ஒன்று சேற்றை அதற்குள் தள்ளுகிறது. அது அடிவரை இறங்கி, பிட்டில் இருக்கும் துளைகள் வழியாகப் பீச்சியடித்து, பாறைத் துணுக்குகளை வாரிக்கொண்டு, குழாய்க்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்து வழியாக மேலே ஏறி வருகிறது. மேலே அதிரும் சல்லடை ஒன்று துணுக்கைப் பிரித்துவிடும், சேறு தொட்டிக்குப் போய் மறுபடி பம்புக்குள் நுழையும். இந்தச் சுற்று நின்றால் என்ன ஆகும்? குழாய் மாட்ட பம்பை நிறுத்தத்தானே வேண்டும், அப்போது பாதி வழியில் இருக்கும் துணுக்கெல்லாம் அடியில் போய் விழுந்து பிட்டைப் புதைத்துவிடாதா? இங்கேதான் பென்டோனைட் என்ற களிமண்ணின் மாயம். கேப்பங்கூழ் ஆறிக் கிடந்தால் இறுகும், கலக்கினால் இளகும் இல்லையா, அதே குணம். ஓட்டம் நின்றதும் சேறு அப்படியே இறுகித் துணுக்கை அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும், பம்ப் ஓடினால் மறுபடி இளகும். நம் நாட்டில் கட்ச் பகுதியில் இந்தக் களி ஏராளமாகக் கிடைக்கிறது.

மேலே வரும் துணுக்கைத்தான் அங்கே இருக்கும் புவியியலாளர் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார். ஒரு சிட்டிகை மணல், அவ்வளவுதான். ஆனால் அதைப் புறஊதா விளக்குக்கு அடியில் காட்டும்போது மஞ்சளாக மினுங்கினால் எண்ணெய் ஒட்டியிருக்கலாம் என்று அர்த்தம். இதில் ஒரு சின்னச் சிக்கல், கையில் இருக்கும் மணல் இப்போது தோண்டுகிற ஆழத்தின் மணல் இல்லை. அடியிலிருந்து ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அதனால் பம்ப் எத்தனை தடவை அடித்தது என்று எண்ணி, இந்தச் சிட்டிகை எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடுவார்கள்.

இதெல்லாம் சரி, சேற்றின் உண்மையான வேலை எடை போடுவது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீரோ எண்ணெயோ எரிவாயுவோ, சாதாரண நிலையில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோ அழுத்தத்தில் இருக்கும். சுண்டுவிரல் நகத்தின்மேல் ஒரு காளை மாடு ஏறி நிற்கிற மாதிரி. அந்தப் பாறையில் நாம் ஓட்டை போட்டால் அது வெளியே வரத்தான் பார்க்கும். அதைத் தடுக்க மூடி எதுவும் அங்கே கிடையாது. ஓட்டை முழுக்க நிற்கும் சேற்றின் எடைதான் மூடி. சேறு தண்ணீரைவிட 1.2 மடங்கு கனமாக இருந்தால் அதே ஆழத்தில் 360 கிலோ அழுத்தம் கிடைக்கும், பாறை அடங்கிக் கிடக்கும். சில பாறை அடுக்குகளில் அழுத்தம் இதைவிட அதிகமாக இருக்கும், அப்போது சேற்றில் பேரைட் என்ற தாதுப் பொடியைக் கொட்டிக் கனமாக்குவார்கள். உலகின் மிகப் பெரிய பேரைட் படிவங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது. அந்த ஊர்க் கல் கப்பலேறி எங்கெங்கோ எண்ணெய்க் கிணறுகளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ஆரம்பத்திலேயே நல்ல கனமாகக் கலக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. கனம் கூடினால் மேலே இருக்கும் இளம் பாறைகள் விரிசல் விட்டுச் சேற்றைக் குடித்துவிடும். சேறு குறைந்தால் மட்டம் இறங்கும், மட்டம் இறங்கினால் அழுத்தம் போய்விடும், எதைத் தடுக்கக் கனமாக்கினோமோ அதுவே நடந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில கிணறுகளில் மிகக் குறுகல். அதனால்தான் கிணற்றை ஒரே மூச்சில் தோண்டுவதில்லை. கொஞ்ச தூரம் அகலமாகத் தோண்டி, கேசிங் என்ற உருக்குக் குழாயை இறக்கி, சிமென்ட் போட்டு அந்தப் பாறைகளை மறைத்துவிட்டு, அதற்குள்ளிருந்து இன்னும் ஒடுங்கலான ஓட்டையைக் கனமான சேற்றோடு தோண்டுகிறார்கள். பழைய ரேடியோவின் ஏரியலைத் தலைகீழாக நட்ட மாதிரி இருக்கும். மேலே ஒரு மனிதன் இறங்கலாம், அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இருக்காது. சிமென்டையும் மேலிருந்து கொட்டுவதில்லை, கேசிங்குக்குள் தள்ளி அடி வழியாக வெளியே வந்து பின்பக்கச் சந்தில் ஏறும்படி செய்வார்கள். நிலத்தடி நீரைக் காப்பதும் இந்தச் சிமென்ட்தான், டெல்டாவில் மக்கள் பயப்பட்டது இது ஒழுங்காகப் போடப்படுகிறதா என்பதைப் பற்றியும்தான். 2020-இல் சட்டம் போட்டுக் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்டுவதைத் தடுத்தார்கள்.

சேற்றின் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? அடியில் ஒரு குடம் எரிவாயு நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மடங்கு அழுத்தத்தில் நசுங்கிக் கிடக்கும் அது ஏற ஏற விரியும். ஆனால் பாதி தூரம் வந்தபோதுகூட இரண்டு குடம்தான் ஆகியிருக்கும், யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கடைசிச் சில நூறு மீட்டரில்தான் மளமளவென்று ஊதி, தரைக்கு வரும்போது ஏறக்குறைய 300 குடமாகி, மேலே இருக்கும் சேற்றையெல்லாம் தூக்கி எறியும். சேறு வெளியே போனால் எடை போச்சு, எடை போனால் இன்னும் வாயு நுழையும். இதைத்தான் 'புளோஅவுட்' என்கிறார்கள். அதனால் ரிக்கில் இருப்பவர் கண் எப்போதும் சேற்றுத் தொட்டியின் மட்டத்தின்மேல் இருக்கும். உள்ளே அனுப்பியதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பி வந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? உடனே கிணற்றின் தலையில் இருக்கும் ராட்சத வால்வுகளை மூடிவிட்டு, கனமான சேற்றை மெல்ல உள்ளே தள்ளி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும்.

இதில் பொல்லாத நேரம் குழாயை மேலே இழுக்கும் நேரம். வேகமாக இழுத்தால் ஊசி மருந்து உறிஞ்சுகிற மாதிரி அடியிலிருந்து வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். 1901 ஜனவரி 10-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸில், ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில், பிட் மாற்றிவிட்டுக் குழாயை மறுபடி இறக்கிக்கொண்டிருந்தபோது சேறு கொப்பளித்தது, பின்னாலேயே பல டன் குழாய் கோபுரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே பறந்தது, அதன்பின் எண்ணெய் சுமார் 150 அடி உயரத்துக்குப் பீறிட்டது. அடக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்தக் கிணற்றில் மணல் சரிவைத் தடுக்க, தண்ணீர்க் குழியில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டுத்தான் சேறு கலக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. நம் சாணிக் கரைசலுக்கு இது சித்தப்பா முறை.

109 வருஷம் கழித்து மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்திலும் சேறுதான். 2010 ஏப்ரல் 20 அன்று கிணறு தோண்டி முடிந்து, அடியில் சிமென்ட் போட்டாகிவிட்டது. சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்தார்கள், குழாயில் காட்டக் கூடாத அழுத்தம் காட்டியது, அதற்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு, மேலே இருந்த கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரை நிரப்பத் தொடங்கினார்கள். மூடியை எடுத்தாயிற்று. 11 பேர் செத்துப்போனார்கள், எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. கடலடி வால்வு கடைசி நேரத்தில் குழாயை வெட்டி மூடியிருக்க வேண்டும், குழாய் உள்ளே வளைந்து கிடந்ததால் முழுசாக வெட்ட முடியவில்லை.

சேற்றுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. இன்று கிணறுகளைச் சாய்வாகவும், ஏன், படுக்கை வசத்தில்கூடத் தோண்டுகிறார்கள். பிட்டுக்குச் சற்று மேலே இருக்கும் கருவி, எந்தத் திசையில் போகிறோம் என்று அளக்கிறது. அதை மேலே எப்படிச் சொல்வது? ஒயர் இழுக்க முடியாது, குழாய் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்தக் கருவி ஒரு குட்டி வால்வைத் திறந்து மூடி, சேற்றின் அழுத்தத்தில் தட்டுத் தட்டாக அலை எழுப்பும். மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கும் கம்ப்யூட்டர் அந்தத் தட்டுகளை எண்ணிப் படித்துக்கொள்ளும், பழைய தந்தி மாதிரி.

எண்ணெய் இருக்கும் அடுக்கைத் தொட்டு, கடைசிக் கேசிங்கும் சிமென்டும் ஆனபிறகு கிணறு முழுசாக அடைபட்டிருக்கும், பாறைக்கும் குழாய்க்கும் தொடர்பே இல்லை. அதற்கு ஒரு துப்பாக்கி இறக்குவார்கள், நிஜமாகவே அதற்குத் துப்பாக்கி என்றுதான் பெயர். அதில் வரிசையாகப் பதித்த வெடிமருந்துகள் கேசிங்கையும் சிமென்டையும் துளைத்துப் பாறைக்குள் சிறு சிறு பொந்துகள் போடும். எண்ணெய் வருகிற வழி அதுதான். கிணற்றின் தலையில் ஆள் உயர வால்வுக் கூட்டம் ஒன்றை மாட்டிவிட்டு, கோபுரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து லாரிகளில் ஏற்றுவார்கள். சேற்றில் தேறுவது டேங்கரில் அடுத்த கிணற்றுக்குப் போகும். தேறாதது, துணுக்குகளோடு சேர்ந்து, பிளாஸ்டிக் விரித்த ஒரு குழியில் கிடக்கும், மழைக்காலத்துக்கு முன் அதை யார் அள்ளுவது என்று பக்கத்து வயல்காரர் கேட்டுக்கொண்டிருப்பார்.