நுண்செயலி: சொல்லும் சில்லும்

நுண்செயலி (பெ.): கட்டளைகளை நினைவகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, என்ன கட்டளை என்று பிரித்தறிந்து, அதைச் செய்து முடிக்கும் கணினிப் பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கியது. ஆங்கிலத்தில் மைக்ரோபிராசசர்.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் பள்ளியில் படிக்கும் ஒருவருக்கு இதைப் படித்துக் காட்டினால் மனதில் எதுவும் நிற்காது. கையிலிருக்கும் போனைத் திறந்து காட்டலாமே என்றால் அதுவும் முடியாது. படம் வரைவது, கேமரா வேலை, பெரும்பாலும் மோடம் எல்லாம் அதே சில்லுக்குள் குடியிருக்கும். பல போன்களில் நினைவகமும் அதன் தலைமேல் ஒட்டியிருக்கும். இதுதான் நுண்செயலி என்று விரல் வைத்துத் தனியாகக் காட்ட இடமே இருக்காது. சொல் குறிக்கும் பொருளைத் தனியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டுமானால் 1970களின் சில்லுகளிடம்தான் போக வேண்டும். பழைய கணினிகளைச் சேர்த்து வைத்து இளையவர்களுக்கு இயக்கிக் காட்டுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழம்பொருள் ஆசை போலத் தெரியும். என்னைக் கேட்டால், இந்தச் சொல்லுக்கு இன்றைக்குக் கிடைக்கும் ஒரே நல்ல உரை அவர்கள் மேசையில்தான் இருக்கிறது.

சரி, முதலில் ஆங்கிலச் சொல். 'மைக்ரோஸ்' கிரேக்க மொழியில் சிறியது. 'பிராசஸ்' லத்தீனில் முன்னே செல்லுதல் என்ற பொருளில் தொடங்கி, முறைப்படி நடந்தேறும் வேலை என்று விரிந்தது. இரண்டையும் சேர்த்தால் சிறிய செயற்கருவி. ஆனால் அந்த 'மைக்ரோ' வெறும் உருவச் சிறுமையை மட்டும் சொல்ல வரவில்லை. 1951இல் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ், கணினியின் ஒரு கட்டளையை அதைவிடச் சிறிய படிகளாக உடைத்து எழுதும் முறைக்கு மைக்ரோபுரோகிராமிங் என்று பெயர் வைத்தார். கணினித் துறையில் 'மைக்ரோ' என்ற ஒட்டுக்கு அந்த வாடை நெடுநாள் இருந்தது. 1968இல் வையட்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் தன் சிஸ்டம் 21 கருவியை அறிவித்தபோது மைக்ரோபிராசசர் என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அச்சில் இந்தச் சொல் வந்தது இதுவே முதல்முறை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1971 நவம்பரில், இன்டெல் தன் 4004 சில்லுக்கு விளம்பரம் கொடுத்தபோது தலைப்பில் அதை அழைத்தது வேறு மாதிரி: மைக்ரோபுரோகிராம் ஏற்கும், ஒரு சில்லிலேயே அடங்கிய கணினி. பெரிய கணினி, மினி கணினி, அப்புறம் மைக்ரோ கணினி என்று வரிசை அமைந்த பிறகுதான் 'மைக்ரோ' என்றால் அளவு என்ற பொருள் ஓங்கியது.

4004 பிறந்த கதையில் இந்தச் சொல்லின் உள்ளடக்கம் இருக்கிறது. ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்துக்குக் கணக்குப் பொறிகள் செய்யச் சில்லுகள் வேண்டியிருந்தன. அன்றைய வழக்கப்படி ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே வடித்த சில்லுகள். இன்டெல்லின் டெட் ஹாஃப் வேறு வழி சொன்னார்: வேலையைச் சில்லில் வடிக்க வேண்டாம், நிரலாக நினைவகத்தில் எழுதிவிடலாம், சில்லு அதைப் படித்துச் செய்யட்டும். ஸ்டான் மேசர் அவரோடு சேர்ந்தார். ஃபெடரிகோ ஃபாகின் அதை உண்மையான சில்லாக வடிவமைத்தார். பிசிகாமிலிருந்து வந்திருந்த மசடோஷி ஷிமா உடன் உழைத்தார். 16 கால்கள், ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் (மிகச் சிறிய மின் சுவிட்சுகள்), ஒரு நேரத்தில் 4 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்). ஓவியர்போல ஃபாகின் தன் பெயரின் முதலெழுத்துகளை அந்தச் சில்லின் ஓரத்தில் பொறித்திருக்கிறார். நுண்ணோக்கியில் பார்த்தால் இன்றும் தெரியும்.

தமிழில் 'நுண்' அழகாகப் பொருந்தியது. நுண்ணுயிர் என்றால் அளவு. நுண்ணறிவு என்றால் கூர்மை. 'மைக்ரோ'வுக்கு இந்த இரண்டாவது பொருள் கிடையாது. தமிழ்ப் பெயர் மூலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்கிறது.

'செயலி' எப்படி வந்தது? செய்பவனையோ செய்யும் பொருளையோ காட்டும் இகரம் தமிழில் பழையது. சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது குறள். பாக்குவெட்டி, இடிதாங்கி, தேங்காய்த் துருவி எல்லாம் அதே அச்சு. ஆனால் இவற்றில் இகரம் வினையின் மேல் ஏறுகிறது: கொல், வெட்டு, தாங்கு, துருவு. செயலியில் அது செயல் என்ற பெயரின் மேல் ஏறியிருக்கிறது. வில்லை உடையவன் வில்லி என்பதுபோல, செயலை உடையது செயலி. இலக்கணம் பிழையில்லை. பொருளில்தான் மெல்லிய வேறுபாடு: இது இன்ன வேலையைச் செய்வது என்று சொல்லவில்லை, செயலைத் தன்னிடம் வைத்திருப்பது என்கிறது. எந்த வேலை என்பதை நிரல் முடிவு செய்யும் ஒரு சில்லுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேறு வழியிலும் போயிருக்கலாம். உணவு பிராசசிங்கை நாம் பதப்படுத்தல் என்கிறோம். அந்தத் தடத்தில் போயிருந்தால் பிராசசருக்குப் 'பதனி' என்று யாராவது பெயர் வைத்திருப்பார்கள், தென்மாவட்டக்காரர்கள் பனங்கள்ளுக்கு முந்தைய சாற்றைத் தேடியிருப்பார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பிராசசை 'முறைவழி' என்று கொண்டு, பிராசசரை முறைவழியாக்கி என்கின்றன. பொருள் துல்லியம் அதில் கூடுதல். வாய்க்கு நீளம். அங்கே படித்து வந்தவர்களுக்கு அது இயல்பாக இருக்கிறது. அதைத் திருத்தப் போவது தேவையில்லாத வேலை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. திறன்பேசி வந்த பிறகு ஆப்புக்கும் 'செயலி' என்றே பெயராகிவிட்டது. 2020இல் ஆரோக்ய சேது செயலியைத் தரவிறக்கச் சொல்லி எல்லாப் பக்கமும் அறிவிப்பு வந்தபோது, யாரும் சில்லை நினைக்கவில்லை. சிலர் குறுஞ்செயலி என்று வேறுபடுத்திப் பார்த்தார்கள். வழக்கில் வென்றது 'செயலி'தான். ஆகவே இன்று தனித்து வரும் 'செயலி' மென்பொருள், 'நுண்' சேர்ந்தால் வன்பொருள். மைய பிராசசர் அலகுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் 'மையச் செயலகம்' இன்னொரு வேடிக்கை. சென்னைக்காரர் காதில் அது கோட்டையில் இருக்கும் அரசு அலுவலகம்போல விழும். எனவே சில்லைச் சொல்லும்போது நுண்செயலி என்று முழுதாக எழுதுவதே நல்லது. சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' என்ற சில்லை நாளிதழ்கள் நுண்செயலி என்று எழுதின, குழப்பமே வரவில்லை.

சில்லு என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். பாண்டி ஆட்டத்தில் கட்டத்துக்குள் எறியும் உடைந்த ஓட்டுத் துண்டுதான் அது. சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டுக்கு ஒலியும் பொருளும் ஒருசேர ஒத்துவருகின்றன. இதைத் தேடிப் பிடித்தவருக்குக் கை கொடுக்கலாம்.

இனி மேசைக்கு வருவோம். நுண்செயலி என்ன செய்கிறது என்பதைப் புதியவருக்குக் காட்ட எனக்குப் பிடித்த முறை, 65சி02 சில்லும் ஒரு பிரெட்போர்டும் (கம்பிகளைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப் பலகை). இது 1975இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்து விலையில் எல்லோரையும் திகைக்க வைத்த 6502இன் வழித்தோன்றல். முதல் சில்லின் வடிவமைப்புக் குழுவில் இருந்த பில் மென்ஷின் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. பழைய 6502இன் கடிகாரத் துடிப்பை, அதாவது சில்லைப் படிப்படியாக நகர்த்தும் மின் துடிப்பை, நிறுத்தினால் உள்ளே இருக்கும் மதிப்புகள் கரைந்துவிடும். 65சி02 அப்படியல்ல. துடிப்பை நிறுத்தி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம். அதனால் கடிகாரத்துக்குப் பதில் ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் ஒரு துடிப்பு என்று செய்துவிடலாம்.

நினைவகமே வேண்டாம். எட்டுத் தரவுக் கம்பிகளையும் மின்தடைகள் வழியாக 11101010 என்ற அமைப்பில் கட்டிவிட வேண்டும்: 1 வரும் இடமெல்லாம் 5 வோல்ட்டுக்கு, 0 வரும் இடமெல்லாம் தரைக்கு. இது பதினாறடிமானத்தில் (நான்கு பிட்டுக்கு ஒரு குறியாக 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை எழுதும் முறை) இஏ. 6502 மொழியில் 'ஒன்றும் செய்யாதே' என்று பொருள். நினைவகத்தில் எந்த இடம் வேண்டும் என்று சொல்லும் பதினாறு முகவரிக் கம்பிகளிலும் ஆளுக்கொரு எல்இடி. மீளத்தொடக்கியை (ரீசெட்) அழுத்திவிட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று அறிய அது நினைவகத்தின் கடைசி நான்கு இடங்களில் முதல் இரண்டைப் படிக்கும். அங்கேயும் இஏ, இஏ என்றுதானே வரும். எனவே இஏஇஏ என்ற முகவரிக்குப் போய் நிற்கும். அப்புறம் பொத்தானை அழுத்த அழுத்த, விளக்குகள் இரும எண்ணில் ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும். ஒன்றும் செய்யாதே என்ற கட்டளையைக்கூட அது இரண்டு துடிப்பு எடுத்துக்கொண்டு, ஒழுங்காகச் செய்கிறது. எடு, பிரித்தறி, செய், அடுத்ததற்குப் போ: அகராதி வரி அப்படியே விளக்காக எரிகிறது. எந்த வயதுக்காரரும் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்திய பிறகுதான் கையை எடுப்பார்கள்.

'மைக்ரோ'வின் பொருளை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியவர் ஜேம்ஸ் நியூமன். தனித்தனி டிரான்சிஸ்டர்களை, மொத்தம் 40,000க்கும் மேல், கையால் கோத்து அவர் கட்டியது சுமார் 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவர். பெயர் மெகாபிராசசர். கேம்பிரிட்ஜில் இருக்கும் கணினி வரலாற்று மையத்தில் அதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பிட்டும் விளக்காக மினுங்க, டெட்ரிஸ் விளையாட்டு ஓடும். அந்தச் சுவரின் முன் நின்றுவிட்டுக் கைவிரல் நீளச் சில்லைப் பார்ப்பவருக்கு 'நுண்' என்ற அடைமொழியை விளக்க வேண்டியதில்லை.

நம்மூரில் நிலைமை கொஞ்சம் விசித்திரம். மற்ற நாடுகளில் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கும் இன்டெல் 8085, தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக், பொறியியல் ஆய்வகங்களில் பல்லாண்டுகளாகப் பாடத்திட்டம். 1976இல் வந்த சில்லு. பெயரின் கடைசி 5, ஒரே 5 வோல்ட் மின்சாரம் போதும் என்பதற்காக. முந்தைய 8080க்கு மூன்று வகை மின்னழுத்தம் தேவைப்பட்டது. பதினாறடிமான விசைப்பலகையும் சிவப்பு எண்காட்டியும் உள்ள பலகையை எல்லோரும் 'கிட்' என்பார்கள். ஐந்தையும் மூன்றையும் கூட்ட வேண்டுமா? முதலில் தாளில் எழுத வேண்டும்: எம்விஐ ஏ 05, எம்விஐ பி 03, ஆட் பி, எஸ்டிஏ 4500, எச்எல்டி (ஏ என்ற உள்ளறையில் 5 வை, பியில் 3 வை, பியை ஏயோடு கூட்டு, விடையை 4500ஆம் முகவரியில் எழுது, நில்). பிறகு அட்டவணையைப் பார்த்து எண்ணாக மாற்ற வேண்டும்: 3இ 05, 06 03, 80, 32 00 45, 76. முகவரி ஏன் 4500 என்று இல்லாமல் 00 45 என்று தலைகீழாகப் போகிறது என்பது முதல் நாள் எல்லோரும் கேட்கும் கேள்வி. முகவரியின் கீழ்ப்பாதி பைட் (கடைசி எட்டு பிட்) முன்னால் போக வேண்டும் என்பது பதில். இயக்கிவிட்டு 4500ஐப் பார்த்தால் 08. நிறுத்தக் கட்டளையோடு சேர்த்து 36 துடிப்புகள். 3 மெகாஹெர்ட்சில் 12 மைக்ரோநொடி. தாளில் எழுதவே கால் மணி நேரம் ஆகியிருக்கும். பல மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக இதைச் செய்துவிட்டு மறந்துவிட்டார்கள். அதே கிட்டை இன்று பழங்கணினி ஆர்வலர்கள் காசு கொடுத்துத் தேடுகிறார்கள்.

பழங்கணினி என்று எழுதியதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். 'விண்டேஜ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் திராட்சை அறுவடை என்று பொருள். குறிப்பிட்ட ஆண்டின் ஒயினாகி, பிறகு பழையது ஆனாலும் சிறந்தது என்ற பொருளுக்கு வந்தது. தமிழில் 'பழங்காலக் கணினி' என்றால் சோழர் காலம்வரை போய்விடும். 'பழைய கம்ப்யூட்டர்' என்றால் காயலான் கடை. நாணயம் சேர்ப்பவர்களிடம் 'பழங்காசு' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: பழையது, மதிப்புள்ளது, சேர்த்து வைக்கத் தக்கது என்ற மூன்றும் அதில் உண்டு. அதே அச்சில் பழங்கணினி.

இன்டெல்லை விட்டு வெளியேறிய ஃபாகின் தொடங்கிய சைலாக், 1976இல் இசட்80 சில்லைக் கொண்டுவந்தது. அதன் தனிச் சில்லுக்கான கடைசி ஆர்டர்களை 2024 ஜூனோடு நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு விற்பனையில் இருந்த சில்லு, இனி இருப்பில் உள்ளவரைதான். காட்ட நினைப்பவர்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எழுதும் முறை: நுண்செயலி ஒரே சொல், இடையில் ச் மிகாது. இடம் விட்டு 'நுண் செயலி' என்று எழுதினால் சின்ன ஆப் என்று படிக்க வழி உண்டு. பன்மை நுண்செயலிகள். சில்லின் எண் முன்னால் வரும்: 8085 நுண்செயலி. பேச்சில் எல்லோரும் 'எயிட்டி எயிட்டி ஃபைவ்' என்றுதான் சொல்வார்கள். கண்காட்சிப் பலகையில் எண்ணை மட்டும் போட்டால் அவரவர் வாய்க்கு வந்தபடி படித்துக்கொள்ளலாம்.