அரைத்த மரத்தூளைச் சுவரோரம் குவிக்காதீர்கள்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. பின்கட்டை ஒட்டி நின்ற வேம்பை வெட்டி, அடிக்கட்டையான தூரை மெஷின் வைத்து அரைத்துக் கொடுத்தோம். வீட்டுக்கார ஆச்சி இருப்பது சென்னையில். வீட்டைத் திறப்பது கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான். மிஞ்சிய சில்லையும் தூளையும் வாட்ச்மேன் அண்ணன் பின்சுவரில் சாய்த்துக் குவித்தார். "அடுப்புக்கு ஆகும் தம்பி" என்றார். சரி என்று நானும் கிளம்பிவிட்டேன். தப்பு என்னுடையது.

ஐப்பசி மழை குவியலை நனைத்தது. மாசியில் வீட்டைத் திறந்தபோது சுவரில் பென்சில் பருமனுக்கு ஒரு மண்கோடு ஏறி, ஜன்னலைத் தாண்டியிருந்தது. பர்மாத் தேக்குக் கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் பிற்பாடு மாற்றிய ஜன்னல் சட்டத்தை அழுத்தினேன், விரல் உள்ளே போனது. அலமாரியில் இருந்த கணக்கு நோட்டுகள் பாதி மண். "ஐயா காலத்துக் கணக்குப்பா அது" என்றார் ஆச்சி, வேறொன்றும் சொல்லவில்லை.

மரச்சில்லு கிடந்தாலே கரையான் வந்துவிடும் என்பதில்லை. ஈரம் காயாத குவியல் சுவரைத் தொட்டுக்கொண்டு இருப்பதுதான் வினை. வெயில் படாமல், மண்ணிலிருந்து சுவருக்கு ஏற அது பாலம் போட்டுக் கொடுக்கிறது. ஆள் புழங்கும் வீட்டில் ஒரு வாரத்தில் கண்ணில் படும். நம் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதே! சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளிப் போடுங்கள் என்பது என் கணக்கு.

"தூர் இருந்த குழியிலேயே தூளைத் தள்ளி மூடிடுங்க" என்பார்கள். சும்மா கிடக்கும் இடமென்றால் மூடலாம், மக்க மக்க அமுங்கும், அவ்வளவுதான். மேலே கல் பதிக்கவோ கார் நிறுத்தவோ போகிறீர்கள் என்றால் கூடவே கூடாது. தூளை அள்ளிவிட்டு, செம்மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள்.

செடி வைக்கும் மண்ணில் கலப்பதும் வேண்டாம். மரத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். கத்தரி, மல்லி எல்லாம் வெளுத்து நிற்கும். அதே தூளை மேலாக 3 அங்குலம் பரப்பினால் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. சித்திரை வெயிலில் நம் செம்மண் காய்ந்து இறுகாமல் காக்கும். மா, தென்னைக்கு நல்ல மூடாக்கு, தண்டிலிருந்து அரையடி விட்டுப் பரப்ப வேண்டும். உரமாக்க நினைத்தால் சாணியும் பச்சைத் தழையும் சேர்த்து, ஓரமாகக் குவித்து, ஒரு வருஷம் பொறுங்கள்.

ஒன்று மட்டும் விலக்கு. அடியில் சாறு வடிந்து செத்த தென்னை என்றால் அது தஞ்சாவூர் வாடல் என்ற பூசண நோயாக இருக்கலாம். அந்தப் பூசணம் தூரிலும் வேரிலும்தான் குடியிருக்கிறது. அந்தத் தூளைத் தோப்புக்குள் பரப்பாதீர்கள், எரித்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் மெஷினை இறக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: தூள் எங்கே போகும், வண்டி யார் பொறுப்பு? ஆச்சி வீட்டுக் குவியலை டிராக்டரில் ஏற்றி ஒரு மாந்தோப்பில் கொண்டுபோய்ப் பரப்பினேன். வாடகை என் கையிலிருந்துதான்.