டிராயிங் வரும், பக்குவம் வருமா?

கப்பலூர் சிட்கோவில் லேத் பட்டறை நடத்துபவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஜாப் ஆர்டர் தரும் கம்பெனி டிராயிங் தரும், மெட்டீரியல் தரும், அளவு பார்க்க கேஜும் தரும். ஏன் அந்த அளவு, ஏன் அந்த உலோகம் என்பதை மட்டும் சொல்லாது. நட்பு நாடுகளுக்கு இடையிலான ராணுவ ஒப்பந்தங்களில் 'தொழில்நுட்பப் பகிர்வு' என்று செய்தியில் படிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

பகிர்வில் படிகள் உண்டு. பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டுவது முதல் படி. பாகங்களை நாமே செய்வது அடுத்தது. மூலப்பொருளிலிருந்தே தொடங்குவது அதற்கும் மேல். 1962-ல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தமான மிக்-21 போர் விமானத்தை, நம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். இப்படித்தான் படிப்படியாகச் செய்யக் கற்றது. வடிவமைப்பின் காரணத்தைச் சொல்லிக்கொடுப்பது கடைசிப் படி. அது கைமாறுவது அபூர்வம்.

போர் விமான எஞ்சினின் டர்பைன் பிளேடைப் பாருங்கள். அதன்மேல் வீசும் வாயுவின் சூடு 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நிக்கல் கலவையோ ஏறத்தாழ 1,350 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பிளேடுக்குள் ஓடும் காற்று வழிகளும் மேலே பூசிய செராமிக் பூச்சும்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

தெற்காவணி மூல வீதியில் விற்கும் வார்ப்பு மோதிரமும் இந்த பிளேடும் ஒரே முறையில் பிறப்பவை. மெழுகில் உருவம் செய்து, சுற்றிலும் கூடு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். பிளேடில் கூடுதலாக, மெழுகுக்குள்ளேயே ஒரு செராமிக் கரு இருக்கும். பிற்பாடு அதைக் காரத்தில் கரைத்தெடுத்தால் காற்று வழி கிடைக்கும். கூட்டின் அடியில் குளிர்ந்த செம்புத் தட்டு. உலையிலிருந்து கூட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் கீழே இறக்குவார்கள். அடியில் பல படிகங்கள் முளைக்கும். நடுவில் உள்ள ஒரு குறுகிய சுருள் வழி ஒன்றே ஒன்றை மேலே விடும். பிளேடு முழுவதும் ஒரே படிகமாக உறையும். இறக்கும் வேகம் பிசகினால் வேறொரு படிகம் ஓரத்தில் முளைக்கும். கரு கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் மெலியும், அந்த இடம் முதலில் கருகும்.

டிராயிங்கில் இருப்பது முடிந்த பிளேடின் வடிவம் மட்டுமே. கூட்டுக் கலவை, உலையின் சூட்டுப் பக்குவம், எந்தக் குறையை ஏற்கலாம், எதைத் தூக்கி எறியவேண்டும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கில் பிளேடுகளை வீணாக்கிக் கற்றவர்களிடம் இருக்கும். அது அவர்களுக்குப் பிழைப்பு, சும்மா தரமாட்டார்கள். ஹைதராபாத்தில் உள்ள ராணுவ உலோக ஆய்வகமான டி.எம்.ஆர்.எல். இதைச் சொந்தமாகக் கற்று, ஹெலிகாப்டர் எஞ்சினுக்கான 60 ஒற்றைப் படிக பிளேடுகளை எச்.ஏ.எல்.-லிடம் கொடுத்தது 2021-ல்தான்.

வேறொரு பயமும் உண்டு: தந்தது மூன்றாமவர் கைக்குப் போய்விடுமோ என்பது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்தில் துருக்கி பங்காளி, பாகங்களும் செய்து கொடுத்தது. ஆனாலும் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதால் 2019-ல் அமெரிக்கா துருக்கியை விலக்கியது. இரண்டும் ஒரே நாட்டில் இருந்தால், ரேடாரில் அந்த விமானம் எப்படித் தெரிகிறது என்ற விவரம் எஸ்-400 வழியாக ரஷ்யாவுக்குப் போய்ச் சேரும் என்பதே காரணம்.

நமக்கும் இந்த அடி விழுந்தது. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினுக்காக 1991-ல் சோவியத் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தத்தில், அமெரிக்க நெருக்கடியால் 1993-ல் தொழில்நுட்பப் பகுதி கழன்றது. எஞ்சின்கள் வந்தன, செய்முறை வரவில்லை. மதுரையிலிருந்து நாகர்கோவில் போகும் நான்கு வழிச்சாலையில் எட்டிவிடும் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில், மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனோடு நம்மவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2010 ஏப்ரலில் சொந்த எஞ்சினோடு ராக்கெட்டை ஏவிய முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-ல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஜெயித்தது.

ஒப்பந்தம் பேசும்போது 'இத்தனை சதவீதத் தொழில்நுட்பம்' என்ற கணக்கைவிட மூன்று கேள்விகள் முக்கியம் என்பது என் கருத்து. அவர்கள் ஆலையில் நம் ஆட்கள் எத்தனை மாதம் நிற்கலாம்? ரிஜெக்ட் ஆன பாகங்களின் பதிவேட்டைக் காட்டுவார்களா? மெட்டீரியலை மாற்ற யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?

நம்பிக்கை நம் பக்கத்திலிருந்தும் போகவேண்டும். ராணுவப் பாகம் எடுத்துச் செய்யும் சிறு பட்டறையில் அது ராடு வெட்டும் இடத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு ராடிலும் எந்தத் தடவை உருக்கிய உலோகம் என்று காட்டும் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். ராடை இரண்டாக வெட்டுவதற்கு முன்பே அந்த நம்பரை மறு துண்டிலும் குத்திவிடவேண்டும். வெட்டிய பிறகு நினைவை நம்பிக் குத்தினால், அந்தத் துண்டை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார்.