ஒரு மெகாவாட் மணிக்கு ஒரு சான்று

மின்கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு நிறம் கிடையாது. பல வாய்க்கால்கள் வந்து சேர்ந்த ஏரியிலிருந்து மதகு வழியே வயலுக்குப் பாயும் நீர் எந்த வாய்க்காலுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாததைப் போலவே, நிலக்கரியில் பிறந்த மின்சாரமும் காற்றாலையில் பிறந்த மின்சாரமும் மின்கட்டமைப்புக்குள் நுழைந்ததுமே ஒன்றாகிவிடுகின்றன. அப்படியிருக்க, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் 2021 செப்டம்பர் 15 அன்று கையெழுத்திட்ட காலநிலை மற்றும் சமவாய்ப்பு வேலைகள் சட்டம், 2030-க்குள் 40 விழுக்காடும் 2040-க்குள் 50 விழுக்காடும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டும் என்கிறது. இதை எப்படி அளப்பது?

ஏரியில் அளக்காமல், வாய்க்கால் தலைப்பிலேயே அளந்துவிடுவதுதான் வழி. சூரியத் தகடோ காற்றாலையோ ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட், உற்பத்தி செய்ததும் ஒரு சான்று பிறக்கிறது. மின்சாரம் ஒரு பொருள், சான்று இன்னொரு பொருள். மின் வழங்கும் நிறுவனம் சான்றை வாங்கிக் கணக்கில் காட்டியவுடன் அது செல்லாததாக்கப்படுவதால், ஒரே யூனிட்டை இருவர் தம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

5 கிலோவாட் தகடுகள் பதித்த ஒரு வீட்டுக் கூரையைப் பார்ப்போம். இல்லினாய்ஸ் வெயிலில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 யூனிட் தரும். ஆண்டுக்கு 7 சான்றுகள் என்றால், மாநில மின்சார முகமையின் ஒப்பந்தக் காலமான 15 ஆண்டுகளில் நூறைத் தொட்டுவிடும். அந்த நூறு சான்றுகளுக்குமான பணம், எல்லா நுகர்வோரின் கட்டணத்திலும் சேரும் ஒரு சிறு தொகையிலிருந்து வருகிறது. சிறிய கூரைகளுக்கு அது தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. சூரிய மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு இல்லை, செலவெல்லாம் முதல் நாளிலேயே என்பதால், இந்த முன்பணம்தான் பலருடைய தயக்கத்தைத் தீர்க்கிறது.

வேலைவாய்ப்பும் இந்தச் சான்றோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. சிறிய வீட்டுக் கூரைகளைத் தவிர்த்த திட்டங்களில், அந்த வட்டாரத்தில் அத்தொழிலுக்கு நிலவும் கூலியைக் கொடுக்காமல் சான்றுக்கான பணத்தைப் பெற முடியாது. சிறை சென்று மீண்டவர்கள், பெற்றோரின்றி அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள், மாசின் சுமையை நெடுங்காலம் தாங்கிய பகுதிகளில் வாழ்பவர்கள் போன்றோர் பணியாளர்களில் 10 விழுக்காட்டில் தொடங்கி 2030-க்குள் 30 விழுக்காடாக வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி தர 13 மையங்கள். தகடுகள் விலை குறைந்தாலே கூரைக்கு வந்துவிடும். ஆனால் அதைப் பொருத்தும் கைகளுக்கு நியாயமான கூலி தானாக வந்துவிடாது.

சான்றுக்கு ஒரு குறையும் உண்டு. எவ்வளவு உற்பத்தியானது என்பதை அது சொல்லுமே தவிர, தேவைப்பட்ட நேரத்தில் உற்பத்தியானதா என்பதைச் சொல்லாது. நண்பகலில் பிறந்த சான்று இரவு விளக்கை ஏற்றாது. இரவும் பகலும் ஓடி, மாநில மின்சாரத்தில் பாதிக்கும் மேல் தரும் அணுமின் நிலையங்களையும் இந்தச் சட்டம் தாங்கிப் பிடித்தது. நட்டத்தைக் காரணம் காட்டிப் பைரன் நிலையத்தை மூட உரிமையாளர்கள் குறித்திருந்த நாள் செப்டம்பர் 13. மாநில மேலவை மசோதாவை நிறைவேற்றியதும் அதே நாளில்தான்.

மறுபுறம், தனியார் நிலக்கரி நிலையங்களுக்கு 2030, எரிவாயு நிலையங்களுக்கு 2045 என்று கெடு விதிக்கப்பட்டது. 1,600 மெகாவாட் திறனுள்ள பிரெய்ரி ஸ்டேட் நிலக்கரி நிலையத்தில் பேரம் இழுபறியானது. அதன் உரிமையாளர்கள் பெரும்பாலும் நகராட்சி மின் அமைப்புகளும் கூட்டுறவுகளும். நிலையம் கட்ட வாங்கிய கடனை இன்னும் அடைத்து வருபவர்கள். இறுதியில், 2035-க்குள் உமிழ்வை 45 விழுக்காடு குறைத்து, 2045-க்குள் முற்றிலும் நிறுத்துவது என்று முடிவானது.